இரண்டு வன்தட்டுகள் இருந்தால் போதுமா?

வீட்டுக் கணினியில் சேமிப்பிடத்தைக் கூட்டுவது எப்படி? கூட்டிய இடத்தில் உள்ளவற்றைக் காப்பது எப்படி?

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கணினியில் சேமிப்பிடத்தைக் காட்டும் பட்டையைப் பாருங்கள். அது நீலமாக இருந்தால் கவலை இல்லை. சிவப்பாக மாறியிருந்தால், வட்டு ஏறக்குறைய நிரம்பிவிட்டது என்று விண்டோஸ் எச்சரிக்கிறது. அக்காள் திருமணக் காணொளி, தைப்பூசப் படங்கள், உங்கள் பள்ளி இடுபணிகள், தம்பியின் விளையாட்டுகள் எல்லாம் சேர்ந்து இடத்தைப் பிடித்திருக்கும்.

இந்த நிலையில் சிலர் பழைய கோப்புகளை அழிப்பார்கள். சிலர் கடைக்குப் போய் இன்னொரு வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், வாங்கி வருவார்கள். வாங்கி வந்ததும் ஒரு கேள்வி எழும். புதிய வட்டைக் கூடுதல் இடமாகப் பயன்படுத்துவதா, பழைய வட்டின் நகலாக வைத்துக்கொள்வதா? கடைக்காரர் "ரெய்டு போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லவும் கூடும். அந்த ரெய்டு என்பது என்ன? அது எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு தட்டு

வன்தட்டின் உள்ளே அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சின் மிக நுண்ணிய பகுதிகளின் காந்தத் திசையே 0, 1 என்ற இரண்டு எண்களாகப் பதிவாகிறது. உங்கள் படங்கள், பாடல்கள், கட்டுரைகள் எல்லாம் கடைசியில் இந்த இரண்டு எண்களின் வரிசைதான்.

மேசைக் கணினியில் உள்ள பல வன்தட்டுகள் நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கின்றன. தட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். அப்படியென்றால் அதன் ஓரம் என்ன வேகத்தில் ஓடுகிறது? சுற்றளவு ஏறத்தாழ 0.3 மீட்டர். ஒரு வினாடிக்கு 120 சுற்று. பெருக்கினால் வினாடிக்கு 36 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்படும் 110 கிலோமீட்டர் வேகத்தை விட இது அதிகம்.

இந்த வேகத்தில் சுழலும் தட்டின் மேல் படிக்கும் முனை தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். எனவே ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டைத் தட்டினாலோ கீழே போட்டாலோ முனை தட்டில் மோதி, பூச்சைக் கீறிவிடலாம். கீறிய இடத்தில் இருந்த தரவு போனதுதான்.

உலகின் முதல் வன்தட்டுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனைக்கும் சேர்த்து அது 50 இலட்சம் எழுத்துகளையே சேமித்தது. இன்று உங்கள் திறன்பேசியில் எடுக்கும் ஒரே படம் அந்த இடத்தை நிரப்பிவிடலாம். சேமிப்புத் திறன் இவ்வளவு பெருகியதற்கு இயற்பியலும் ஒரு காரணம். 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு காந்த விளைவைக் கண்டறிந்தார்கள். மிகச் சிறிய காந்த மாற்றத்தையும் உணரும் படிப்பு முனைகள் அதனால் உருவாயின. 2007-இல் இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வன்தட்டுக்குத் தம்பி முறையான எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. மின்னணுக்களைச் சிறு அறைகளில் அடைத்து வைத்து அது தரவைச் சேமிக்கிறது. வேகம் மிக அதிகம். விழுந்தாலும் எளிதில் கெடாது. ஆனால் ஒரே கொள்ளளவுக்கு விலை கூடுதல். அதன் அறைகளில் எழுதும் தடவைகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதனால்தான் பலர் விண்டோஸையும் விளையாட்டுகளையும் எஸ்.எஸ்.டி.யில் வைத்து, படங்களையும் காணொளிகளையும் வன்தட்டில் வைக்கிறார்கள்.

இணைப்பது எப்படி?

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி, யூ.எஸ்.பி. கம்பியில் இணையும் வெளி வன்தட்டு. மேசைக் கணினியில் உள்ளேயே இன்னொரு வட்டைப் பொருத்தலாம். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில், ஏற்கெனவே உள்ள முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுங்கள்.

2. கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். உங்கள் உடலில் தேங்கிய நிலைமின்னூட்டம் சில்லுகளைக் கெடுத்துவிடாமல் இருக்க இது உதவும்.

3. வட்டை அதற்குரிய தட்டில் வைத்துத் திருகுகளால் பொருத்துங்கள். ஆடாமல் இருக்க வேண்டும்.

4. சாட்டா கம்பிகள் இரண்டு. ஒன்று தாய்ப்பலகையிலிருந்து தரவுக்காக, மற்றொன்று மின்பெட்டியிலிருந்து மின்சாரத்திற்காக. இரண்டின் முனையும் ஒரு பக்கம் வளைந்திருக்கும். ஒரே திசையில்தான் நுழையும். நுழையாவிட்டால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

5. கணினியை இயக்கி, விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதிக்குச் செல்லுங்கள். புதிய வட்டு அங்கே வெறுமையாகத் தெரியும். அதைத் தயார்ப்படுத்தும்போது எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்று இரண்டு முறைகளில் ஒன்றைக் கேட்கும். ஜி.பி.டி.யைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்.பி.ஆர். முறை 32 பிட் எண்ணால் முகவரி இடுவதால் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.

6. பிறகு வட்டை வடிவமைக்கலாம். அந்தப் பொத்தானை அழுத்தும் முன் வட்டின் பெயரையும் கொள்ளளவையும் இரண்டு முறை சரிபாருங்கள். தவறான வட்டைத் தேர்ந்தெடுத்தால் பழைய கோப்புகள் போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சந்தேகம் வரும். பெட்டியில் 1 டெராபைட் என்று போட்டிருக்கிறது, கணினியோ 931 ஜிகாபைட் என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. தயாரிப்பாளர் 1 டெராபைட்டை 1,000,000,000,000 பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸோ 1,024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 1,073,741,824 பைட்டை ஒரு ஜிகாபைட் என்று கொள்கிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும்.

பெர்க்லியில் பிறந்த யோசனை

1980களில் பெரிய நிறுவனங்கள் விலையுயர்ந்த பெரிய வட்டுகளைப் பயன்படுத்தின. வீட்டுக் கணினிகளுக்கு வந்த சிறிய வட்டுகளோ மலிவாக இருந்தன. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். ஒரு பெரிய வட்டுக்குப் பதில் பல சிறிய, மலிவான வட்டுகளை ஓர் அணியாகச் சேர்க்கலாம் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் பல வட்டுகள் இருந்தால், அவற்றுள் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும் அல்லவா? அதற்காகத் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதல் தகவலையும் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். ஒரு வட்டு செத்தாலும் மற்றவற்றிலிருந்து அதை மீட்டுவிடலாம். இந்த அமைப்புக்குத்தான் ரெய்டு என்று பெயர். அந்தப் பெயரின் நான்கு எழுத்துகளில் ஒன்று முதலில் "மலிவான" என்ற சொல்லைக் குறித்தது. பின்னாளில் தொழில்துறை அதைத் "தனித்தியங்கும்" என்று மாற்றிக்கொண்டது. இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். இதற்கு மறுபடியும் வருவோம்.

எந்த ரெய்டு என்ன செய்கிறது?

உங்களிடம் 4 டெராபைட் வட்டுகள் சில இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ரெய்டு 0: கோப்பைத் துண்டு துண்டாக்கி, எல்லா வட்டுகளிலும் பிரித்து எழுதும். இரண்டு வட்டு என்றால் முழு 8 டெராபைட்டும் கிடைக்கும், வேகமும் கூடும். ஆனால் கூடுதல் தகவல் எதுவும் இல்லை. ஒரு வட்டு போனால் எல்லாம் போகும். பெயரில் உள்ள 0 அதற்குப் பொருத்தம்தான்.

ரெய்டு 1: ஒரே தரவை இரண்டு வட்டுகளிலும் எழுதும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல. 8 டெராபைட்டுக்குக் காசு கொடுத்து 4 டெராபைட் பயன்படுத்துகிறீர்கள். ஒன்று பழுதானாலும் கணினி தொடர்ந்து ஓடும்.

ரெய்டு 5: குறைந்தது மூன்று வட்டுகள் வேண்டும். ஒரு வட்டு அளவு இடத்தை மீட்புத் தகவலுக்கு ஒதுக்கும். நான்கு வட்டுகளில் 12 டெராபைட் கிடைக்கும். ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும்.

ரெய்டு 6: குறைந்தது நான்கு வட்டுகள். இரண்டு வட்டு அளவு இடம் மீட்புத் தகவலுக்குப் போகும். நான்கில் 8 டெராபைட் கிடைக்கும். எந்த இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும்.

ரெய்டு 10: இரண்டிரண்டாகப் பிம்பம் எடுத்து, அந்த இணைகளுக்கிடையே தரவைப் பிரிக்கும். நான்கில் 8 டெராபைட். வேகமும் உண்டு, பாதுகாப்பும் உண்டு.

வீட்டுக்கு இரண்டு வட்டுகள் என்றால் ரெய்டு 1 எளிது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உள்ள ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் வசதியே இத்தகைய பிம்பத்தை அமைத்துத் தரும், தனிக் கருவி வாங்க வேண்டாம். ஒன்று கவனம். அணியில் சேர்க்கும்போது அந்த வட்டுகளில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும்.

பென்சிலால் ஒரு வட்டை மீட்போம்

ரெய்டு 5-இல் ஒரு வியப்பு இருக்கிறது. மூன்று வட்டுகளின் தரவுக்கு நான்காவதாக ஒரே ஒரு வட்டு அளவு இடம் போதும். மூன்றில் எது செத்தாலும் மீட்கலாம். எந்த வட்டு சாகும் என்று முன்கூட்டியே தெரியாது. பிறகு எப்படி? உங்கள் நோட்டுப் புத்தகத்தில் செய்து பாருங்கள். எளிமைக்காக இரண்டு தரவு வட்டுகளை எடுத்துக்கொள்வோம்.

வட்டு அ: 1 0 1 1
வட்டு ஆ: 0 1 1 0

விதி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நெடுவரிசையிலும் 1 என்ற எண் இரட்டைப்படை தடவை வர வேண்டும். முதல் நெடுவரிசையில் 1, 0 உள்ளன. ஒரே ஒரு 1 இருப்பதால் மீட்பு வரிசையில் 1 எழுதுகிறோம். மூன்றாவது நெடுவரிசையில் 1, 1 உள்ளன. ஏற்கெனவே இரண்டு என்பதால் 0 எழுதுகிறோம். இப்படியே நிரப்பினால்:

மீட்பு: 1 1 0 1

இப்போது வட்டு ஆ-வை விரலால் மறையுங்கள். அது பழுதாகிவிட்டது. மீதமுள்ளவை 1 0 1 1, 1 1 0 1. அதே விதியைப் பயன்படுத்துங்கள். முதல் நெடுவரிசையில் 1, 1 இருப்பதால் விடுபட்டது 0. இரண்டாவதில் 0, 1 இருப்பதால் விடுபட்டது 1. தொடர்ந்தால் 0 1 1 0. செத்த வட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டது!

உண்மையான ரெய்டு 5 இதையே கோடிக்கணக்கான முறை செய்கிறது. மீட்புத் தகவலை ஒரே வட்டில் குவிக்காமல் எல்லா வட்டுகளிலும் மாறி மாறி வைக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் மீட்பதற்கு நேரம் பிடிக்கும். 8 டெராபைட் வட்டு ஒன்றை வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் 40,000 வினாடிகள், அதாவது 11 மணி நேரம் ஆகும். கணினியை அதே சமயம் பயன்படுத்தினால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் மற்ற வட்டுகள் ஓய்வின்றி உழைக்க வேண்டும். அப்போது இன்னொரு வட்டு செத்தால் ரெய்டு 5 கைவிரித்துவிடும். ரெய்டு 6 வந்ததன் காரணம் இதுதான்.

ஒட்டிய பகடைகள்

படிவம் 4 கணிதத்தில் கூட்டு நிகழ்வுகளின் நிகழ்தகவைப் படிப்பீர்கள். அதை இங்கே பயன்படுத்துவோம். கணக்குக்காக, ஒரு வட்டு ஓராண்டில் பழுதாகும் நிகழ்தகவு 0.02 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு வட்டுகள் கொண்ட ரெய்டு 0 பிழைக்க, இரண்டுமே பிழைக்க வேண்டும். 0.98 × 0.98 = 0.9604. ஆகவே தரவை இழக்கும் நிகழ்தகவு 0.0396. ஒரு வட்டாக இருந்ததை விட ஏறக்குறைய இருமடங்கு ஆபத்து.

ரெய்டு 1-இல் தரவை இழக்க, இரண்டுமே பழுதாக வேண்டும். 0.02 × 0.02 = 0.0004. பத்தாயிரம் வீடுகளில் நான்கு மட்டுமே. இதைப் பார்த்ததும், "இனி எதற்கும் பயமில்லை" என்று தோன்றும்.

அவசரப்படாதீர்கள். இரண்டு நிகழ்தகவுகளை இப்படிப் பெருக்கலாம் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இரண்டு பகடைகளைத் தனித்தனியே உருட்டினால் இரண்டிலும் 6 விழும் வாய்ப்பு 36-இல் 1. இரண்டிலும் 6 சேர்ந்தே மேலே வரும்படி பசை போட்டு ஒட்டிவிட்டால்? அந்த வாய்ப்பு ஒரு பகடைக்கு உரிய 6-இல் 1-க்கு அருகே போய்விடும். இரண்டு பகடை இருப்பது போல் தெரியும், நடப்பதோ ஒரு பகடை ஆட்டம்.

உங்கள் கணினிப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வட்டுகளும் இப்படி ஒட்டிய பகடைகள்தான். ஒரே மின்பெட்டியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்கப்பட்டிருக்கலாம். ஒரே இடி, ஒரே திருடன், ஒரே வெள்ளம். பெயரில் "தனித்தியங்கும்" என்ற சொல் இருந்தாலும் அவை முழுமையாகத் தனித்தியங்குவதில்லை.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் புகுந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். நீர் புகுந்த வீட்டின் தரைத்தளத்தில் இருந்த கணினிக்குள் ஒரு வட்டு இருந்தாலும் நான்கு இருந்தாலும் முடிவு ஒன்றுதான். வன்தட்டுத் தொழிலே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 2011-இல் தாய்லாந்தைப் பெருவெள்ளம் தாக்கியபோது, அங்கே அருகருகே இருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் ஒன்றாக மூழ்கின. உலகெங்கும் வன்தட்டுகளின் விலை ஏறியது.

அழி என்றால் இரண்டும் அழிக்கும்

வெள்ளம் வராத வீட்டிலும் ஆபத்து உண்டு. ரெய்டு 1 எழுதுவதை மட்டுமா நகலெடுக்கிறது? அழிப்பதையும் நகலெடுக்கிறது. தம்பி தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், அது இரண்டு வட்டுகளிலும் அதே கணத்தில் மறையும். 2017 மே மாதம் உலகைச் சுற்றிய வான்னாகிரை போன்ற பணயத் தீநிரல் உங்கள் கோப்புகளைப் பூட்டினால், பிம்பத்தில் உள்ளவையும் பூட்டப்படும். ரெய்டைப் பொறுத்தவரை கட்டளை கட்டளைதான். அது நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது.

"டாய் ஸ்டோரி 2" படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் அந்தப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி மறைந்துபோனது. காப்பு நகல் இருக்கிறதே என்று பார்த்தார்கள். அது பல நாள்களாகச் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினி. கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக அவர் ஒரு நகலை அங்கே வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டு வந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. காப்பாற்றிய நகல் வேறோர் இடத்தில், அலுவலக வலையமைப்பின் கட்டளை எட்டாத தூரத்தில் இருந்தது. அலுவலகத்தில் இருந்த காப்பு நகலையோ யாரும் திறந்து சோதிக்கவில்லை.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்?

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி நினைவில் வைக்க எளிது. முக்கியமான எதற்கும் 3 பிரதிகள். அவை 2 வகைச் சாதனங்களில். அவற்றுள் 1 வீட்டுக்கு வெளியே.

இரண்டாவது வன்தட்டு வாங்கியிருந்தால் அதைக் கணினிக்குள்ளேயே பொருத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வெளி வட்டாக வைத்து, வாரம் ஒரு முறை நகலெடுத்துவிட்டு, கம்பியைக் கழற்றி அலமாரியில் மேல் தட்டில் வையுங்கள். கழற்றி வைத்த வட்டைத் தீநிரல் தொட முடியாது. அடுத்து, அழிந்தால் திரும்ப எடுக்கவே முடியாதவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாட்டியின் குரல் பதிவு, குடும்பப் படங்கள், இடுபணிகள் போன்றவை. விளையாட்டுகளை மறுபடியும் பதிவிறக்கிக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்தவற்றை மேகச் சேமிப்பில் ஒரு பிரதி ஏற்றுங்கள், அல்லது வேறோர் ஊரில் இருக்கும் மாமா வீட்டில் ஒரு சிறிய வட்டில் வைத்துவிடுங்கள்.

ரெய்டு வேண்டவே வேண்டாமா? வேண்டும் என்பவர்கள் உண்டு. ஒரு வட்டு செத்த நாளிலும் வேலை நிற்கக் கூடாத இடங்கள், அதாவது கடைகள், அலுவலகங்கள், இணையச் சேவை மையங்கள். அவர்கள் ரெய்டையும் வைத்திருப்பார்கள், காப்பு நகலையும் வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முதலில் காப்பு நகல். பிறகு ரெய்டு.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் மிக முக்கியமான பத்துக் கோப்புகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிரதி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். எல்லாப் பிரதியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

2. ஏற்கெனவே காப்பு நகல் இருந்தால், அதிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கிறதா?

3. ஒரு புதிர். நான்கு வட்டுகள் கொண்ட அணியில் வட்டு ஆ செத்துவிட்டது. வட்டு அ: 1 1 0 0. வட்டு இ: 0 1 1 1. மீட்பு: 0 0 0 1. செத்த வட்டில் என்ன இருந்தது?

புதிருக்கு விடை: 1 0 1 0. ஒவ்வொரு நெடுவரிசையிலும் 1-களை எண்ணிச் சரிபாருங்கள்.